கன்னியாவில் கரைந்த பிளாஸ்டர்

அன்புள்ள மகன்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அதை உன் அம்மா அழுதுகொண்டு வாசித்தார், உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார், நான் சத்தமாக வாசித்தேன், மதிலுக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள் சும்மா நின்று கேட்டார்கள். கேள்வியை நீ உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். பதில் என்னிடமிருந்து வருகிறது. ஏன் என்று உனக்குத் தெரியும். அண்ணன் தன் வாழ்நாளில் எழுதியதெல்லாம் சம்பளத் தாளில் வைத்த கையெழுத்து மட்டும். கடிதத்தை மடித்து என் கையில் தந்து, "நீ எழுது" என்றார். அந்த இரண்டு சொல்லும் அவர் வாயிலிருந்து புறப்பட்ட அதிர்ச்சியில் கூரையில் இருந்த காகங்கள் எல்லாம் மூதூர்ப் பக்கம் பறந்துபோய்விட்டன. ஆகவே இந்தக் குடும்பத்தின் பிரதம மந்திரியும், வெளிவிவகார அமைச்சரும், ஆபத்துக் காலங்களில் படைத் தளபதியுமாகிய உன் சித்தப்பா எழுதுகிறேன். பக்கத்தில் மருமகள் இருந்தால் அவளுக்கும் வாசித்துக் காட்டு. உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டுவதா என்பதை, முழுவதையும் படித்த பிறகு, அந்த வீட்டில் உனக்குள்ள தைரியத்தைப் பொறுத்து முடிவு செய்.

நீ எழுதியிருப்பது இதுதான். பேரனுக்கு ஒரு பாதம் உள்ளே மடிந்து, உள்ளங்கால் மேலே பார்த்தபடி பிறந்திருக்கிறது. மட்டக்களப்பு டொக்டர் பிறந்த கிழமையிலேயே பிளாஸ்டர் கட்டுப் போட்டுவிட்டார். கிழமைக்குக் கிழமை அதை வெட்டியெடுத்து, பாதத்தை இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடியும் போடுகிறார். இப்போது பிறந்த முப்பத்தோராம் நாள் விசேஷம், முப்பத்தொன்று, வருகிறது. பிள்ளை பிறந்த தீட்டான துடக்கைக் கழித்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, முடி இறக்கி, சொந்தக்காரருக்குக் காட்ட வேண்டும். பெண் வீட்டுச் சனம் ஊர் நிறைய வருகிறது. வெள்ளைக் கட்டோடு பிள்ளையைக் காட்டினால் என்ன கதை கதைப்பார்கள் என்று உன் மாமியார் பயப்படுகிறார். "ஒரு கிழமைக்குக் கழற்றி வைத்துவிட்டு, விசேஷம் முடிந்ததும் திரும்பப் போட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறார். நீ பெண் வீட்டில் இருக்கிற மருமகன். அங்கே உன் குரலின் உயரம் எனக்குத் தெரியும். அதனால் எங்களிடம் கேட்கிறாய். என்ன குறையும் என்று நான் சொல்கிறேன். இந்தப் பூமியில் அதைச் சொல்ல எங்களைவிடத் தகுதியான குடும்பம் கிடையாது.

நீ பிறந்தது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் நெருக்கத்தைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். எங்கள் கரையிலிருந்து மூதூர் வரைக்கும் தட்டுக்குத் தட்டுத் தாவிக்கொண்டு, வேட்டி நனையாமல் போய்வரலாம். நான் போய்வந்தவன். ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் நான் கிளாக்கர். அண்ணன் கடற்படைப் பட்டறையில் இரும்போடு வேலை, அதாவது தன்னைப் போலவே பேசாத ஒன்றோடு வேலை. மருத்துவிச்சி உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து உன் பெரிய மாமியிடம் தந்தார். எங்கள் அக்காவை உனக்குத் தெரியும். அந்த நாளில் துறைமுகத்துக்கு ஓர் அட்மிரல், எங்கள் வீட்டுக்கு ஓர் அக்கா, இரண்டு பேரில் கடற்படை கூடுதலாகப் பயந்தது அக்காவுக்குத்தான். அக்கா துணியை விலக்கினார். ஒரு கால் எல்லாக் கால்களையும் போல இருந்தது. மற்றது உலகத்தோடு கோபித்துக்கொண்டு உள்ளே திரும்பி, உள்ளங்காலை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் வருகிறானா என்று ஊரில் முதன்முதல் மேலே பார்த்தது உன் பாதம்தான்.

அதற்குப் பிறகு எங்கள் முற்றத்தில் நடந்தது ஒரு நீதிமன்றம். "கிரகணத்துக்கு வெளியில வந்திருப்பாள்" என்றது ஒரு கூட்டம். "காலை மடிச்சுக்கொண்டே படுத்துக் கிடந்திருப்பாள்" என்றது இன்னொன்று. குற்றவாளி உன் அம்மா. சாட்சி சொன்னவர்கள் எல்லாரும் கிரகணத்தன்று நிலாவெளிக் கிராமத்தில் இருந்தவர்கள். பாவம், அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சாப்பாட்டையே விட்டுவிட்டார். இப்போது மருமகளும் "நான் என்ன பிழை விட்டனோ" என்று அழுகிறாள் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு டொக்டர் சொன்னதை அவளுக்கு அப்படியே வாசி. அவர் முன்கோபக்காரர்; அவர் வாய் திறந்தால் வார்ட்டில் இருந்த காய்ச்சல்கள் தாமாக இறங்கும்.

"இது ஆற்றையும் பிழையில்லை. தாயைக் குறை சொல்லுறவையை முதல்ல வெளியில போகச் சொல்லுங்கோ," என்றார். நாங்கள் கொண்டுபோன கூட்டத்தில் பாதி வெளியே போயிற்று. "வயித்துக்குள்ளயே பாதம் இப்பிடி மடிஞ்சு வளர்ந்திட்டுது. எத்தினையோ பிள்ளையளுக்கு வாறதுதான். இப்ப எலும்பெல்லாம் பச்சை மண் மாதிரி. கிழமைக்கு ஒருக்காக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, திருப்பின இடத்தில பிளாஸ்டர் போட்டுப் பிடிச்சு வைப்பம். இடையில விட்டியளெண்டால் பழைய இடத்துக்கே ஓடும். இறுகினாப் பிறகு என்னாலயும் ஏலாது. விளங்குதோ?"

"ஓம்," என்றார் அண்ணன்.

"கட்டு நனையக் கூடாது."

"ஓம்," என்றார் அக்கா. அந்த ஓமைத்தான் நாங்கள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கட்டு பாதத்திலிருந்து தொடை வரைக்கும் இருந்தது. உன் எடையைவிட அது பாரம். உன்னைத் தூக்கினால் முதலில் பிளாஸ்டர் வரும், பிறகு நீ வருவாய். முதல் இரண்டு நாள் கத்தினாய். மூன்றாம் நாள் அதை ஓர் ஆயுதம் என்று கண்டுபிடித்தாய். குனிந்து கொஞ்ச வந்த என் மூக்கில் நீ வைத்த அடியின் வளைவு இன்றும் கண்ணாடியில் தெரிகிறது. கிழமைக்குக் கிழமை கட்டு மாறியது, கிழமைக்குக் கிழமை பாதம் கொஞ்சம் வெளியே வந்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், மகனே, உனக்கு முப்பத்தொன்று வந்தது.

சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் சனம் வரப்போகிறது. பிறந்ததிலிருந்து குளிக்காத பிள்ளை, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிற பிள்ளை, ஒரு கால் சுண்ணாம்புத் தூண். அக்கா இரண்டு நாள் குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்தார். பிறகு ஒரு விடியற்காலை கட்டளை வந்தது.

"தம்பி, வண்டியைப் பிடி. பிள்ளையைக் கன்னியாவுக்குக் கொண்டுபோறம்."

"அக்கா, கட்டு நனையக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ?"

"அவர் சொன்னது பச்சைத் தண்ணியை. கன்னியாத் தண்ணி தண்ணியோடா? அது மருந்து. நாரிப்பிடிப்பு, முழங்கால் குத்து எல்லாம் அங்கதானே கழுவுறது? எலும்பு மெழுகு மாதிரி இளகும். இளகின கையோட நேராக்கி விட்டால் அலுவல் முடிஞ்சுது."

இந்த வாதத்தை உன்னால் உடைக்க முடிந்தால் நீ என்னைவிடப் பெரிய ஆள். எனக்கு அது அன்றைக்குச் சுத்தத் தங்கமாகத் தெரிந்தது. டொக்டர் தண்ணீரைத்தான் தடுத்தார், மருந்தைத் தடுக்கவில்லை. திருகோணமலையில் பிறந்த எவனுக்கும் கன்னியாவின் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஏழு வைத்தியர்கள். அண்ணி மட்டும் "வேண்டாம் மச்சாள்" என்று மெல்லச் சொன்னார். துடக்குக்காரியின் பேச்சு வாசல் தாண்டவில்லை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் புறப்பட்டோம்.

முதற் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியபோது ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் கட்டு கொஞ்சம் வேர்த்தது. மூன்றாவதில் உன் காலிலிருந்து அரிசி கழுவின தண்ணீர் ஓடத் தொடங்கியது. "பாத்தியோ, வருத்தம் வெள்ளையா வெளியேறுது!" என்றார் அக்கா. அதற்கு மேல் நான் எண்ணவில்லை. கட்டு கஞ்சியாகி, கூழாகி, கடைசியில் உள்ளே சுற்றியிருந்த துணி தன்பாட்டில் அவிழத் தொடங்கியது. அவிழ்ந்தது, அவிழ்ந்தது, அப்படி அவிழ்ந்தது; அதைக் கோட்டையில் ஒரு நுனி கட்டினால் மறு நுனியைக் கிண்ணியாவில் கட்டியிருக்கலாம். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டு பேர் வாளியோடு எழும்பி நின்று பார்த்தார்கள். இந்தத் தண்ணீர் கல்லையே கரைக்கிறதென்று நினைத்தார்களோ என்னவோ, அதற்குப் பிறகு அவர்கள் தலையில் ஊற்றவே இல்லை.

துணி முழுவதும் கழன்றபோது நாங்கள் குனிந்து பார்த்தோம். பாதம் நேராக இருந்தது. முழு நேர் இல்லை, ஆனாலும் பிறந்த அன்றைக்குப் பார்த்த பாதம் இல்லை. வானத்தைப் பார்த்த உள்ளங்கால் இப்போது எங்களைப் பார்த்தது. அக்கா அந்த இடத்திலேயே நிலத்தில் விழுந்து கும்பிட்டார். நானும் விழுந்தேன். கிழமை கிழமையாக ஒரு மனிதன் வியர்க்க வியர்க்கத் திருப்பி வைத்த பாதத்துக்கு, ஒரு காலைப்பொழுதில் ஏழு கிணறுகள் பெயர் வாங்கிக்கொண்டன. முப்பத்தொன்றுக்கு வந்த சனத்துக்கு அக்கா உன்னைக் காட்டவில்லை, உன் காலைத்தான் காட்டினார். பந்தயத்தில் வென்ற கோப்பையைத் தூக்கிப் பிடிப்பதுபோலத் தூக்கிப் பிடித்தார். "இனி என்னத்துக்குப் பிளாஸ்டர்?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் அதையே கேட்டார்கள். அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் போகவில்லை.

பாதம் திரும்பி உள்ளே போனது, நத்தை ஓட்டுக்குள் போவதுபோல. சத்தமில்லாமல், ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை. அக்கா அதைப் பார்க்க மறுத்தார். "வளருற பிள்ளை, கால் அப்பிடி இப்பிடி நெளியும்தானே." அண்ணன் அதைப் பார்த்தார். வேலைக்குப் போகுமுன் உன் பக்கத்தில் குந்தி, பெருவிரலை உன் உள்ளங்காலில் வைத்து வெளியே தள்ளுவார். தள்ளும்போது வரும், விட்டதும் ஓடிவிடும். பிறகு தள்ளும்போதும் வரவில்லை. அன்றைக்கு அவர் "ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார். போயிருப்போம். அதற்குள் கொழும்பில் குண்டு விழுந்தது, அடுத்தது இங்கேதான் என்று ஊர் வெளிக்கிட்டது, அக்காவும் எங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப் போனார். எங்கே என்று நினைக்கிறாய்? கப்பல்துறைக்கு! அக்காவின் புருசன், எங்கள் அத்தானின் சொந்தக்காரர் வீடு. சீனன்குடாவில் விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் கிடக்க, அதற்குப் பக்கத்து ஊரில் போய்ப் பதுங்கிய ஒரே ராஜதந்திரக் குடும்பம் எங்களுடையது. ஜப்பான்காரன் குறிபார்த்தது எங்கள் அக்காவைத்தான் என்பது என் துணிபு. தப்பித்தவறித்தான் மற்றவற்றில் விழுந்தது.

அன்று காலை விழுந்தவற்றைப் பற்றி நான் பகிடி எழுத மாட்டேன். வானமே இடிந்து விழுந்ததுபோல இருந்தது. தாங்கி ஒன்று பற்றி எரிந்த புகையில் பகல் கறுத்துப்போனது. சத்தம் ஓய்ந்ததும் கண்டி வீதியில் சனம் ஆறாக ஓடியது, பாயும் பானையும் ஆடும் கோழியுமாக, எல்லாம் ஊரைவிட்டு வெளியே. உன் அப்பா உன்னைத் துவாயில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீதியில் இறங்கினார். ஊரைப் பார்த்து நடந்தார்.

"அண்ணை, எங்க போறியள்?" என்று நான் பின்னால் ஓடினேன்.

"டொக்டரிட்ட."

"இண்டைக்கோ? குண்டு விழுந்து கிடக்குது!"

"நேற்றைக்கு வராத பாதம். நாளைக்கும் வராது," என்றார். அவர் வாழ்நாளில் பேசிய மிக நீண்ட பேச்சு அது. எதிரே வந்த சனம் முழுவதும் எங்களை மறித்தது. "பிள்ளைக்குக் காயமோ? எங்க பட்டது?" "காயமில்லை, கால்." "கால் போயிட்டுதோ! ஐயோ!" என்று ஒரு மனுசி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் நின்று துவாயை விலக்கி இரண்டு காலையும் காட்டி, மறுபடி மூடிக்கொண்டு நடந்தார். இப்படியே வீதி நெடுக நின்று காட்டிக் காட்டிப் போனார். உன் காலைப் பார்த்தவர்கள் அன்றைக்கு ஒரு படையணி.

ஆஸ்பத்திரி விறாந்தை முழுவதும் காயப்பட்டவர்கள். மகனே, கால் வைக்க இடமில்லை. அங்கே கால் என்ற சொல்லை நினைக்கவே எனக்குக் கூசியது. உன்னைக் கொண்டுவந்தது பிழை என்று முதன்முறையாக நினைத்தேன். அண்ணன் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மத்தியானம் கழிந்து, நெடுநேரம் கழிந்து, உடுப்பெல்லாம் இரத்தத்தோடு டொக்டர் கைகழுவ வெளியே வந்தார். எங்களைக் கண்டார்.

"என்ன இது? கட்டு எங்க?"

"கன்னியாவில..." என்று தொடங்கினேன்.

"கன்னியாவிலையோ! ஆர் கழட்டினது?"

"ஆரும் கழட்டேல்லை ஐயா. கரைஞ்சுது."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்த பார்வையில் என் கிளாக்கர் உத்தியோகம், ஆங்கிலப் படிப்பு எல்லாம் அரிசி கழுவின தண்ணீராக ஓடிப்போயின. பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி, "டொக்டர், இருக்கிற பிளாஸ்டர் காயக்காரருக்கே காணாது. இவை பிறகு வரட்டும்," என்றார். அவர் சொன்னது நியாயம். அண்ணன் திரும்ப வெளிக்கிட்டார். டொக்டர் உன் பாதத்தைக் கையில் எடுத்தவர், விடவில்லை. அதை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மிஸ்ஸி," என்றார், சத்தம் போடாமல். "விடியத் தொடங்கி நான் பாத்த கால் எல்லாத்திலயும் நேராக்கக்கூடின கால் இது ஒண்டுதான். ஒரு சுருள் தாங்கோ."

அன்றைக்கு உனக்குக் கட்டப்பட்டது அந்தச் சுருள். முதலிலிருந்து மறுபடி. முன்னைவிடப் பாதம் இறுகியிருந்ததால் முன்னைவிட மெதுவாக, முன்னைவிட அதிகக் கத்தலோடு, மாதக்கணக்காக. அக்கா அன்றிலிருந்து பிளாஸ்டரின் பாதுகாப்பு அமைச்சரானார். உன் பாயைச் சுற்றி ஆறடிக்குள் செம்போடு யாரும் வரக் கூடாது; மழைக்குக் கறுத்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடுவார்; உன்னைப் பார்க்க வந்து கண்ணீர் விட்டவர்களைக்கூட "தள்ளி நிண்டு அழுங்கோ" என்றார். விரல் நுனிகள் சிவப்பாக இருக்கின்றனவா, சூடாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்ப்பார். மருமகளுக்கும் அதைச் சொல்லிவை: விரல் வீங்கினாலோ, நீலம் பாரித்தாலோ, குளிர்ந்தாலோ, விசேஷமும் வேண்டாம் விருந்தும் வேண்டாம், உடனே டொக்டரிடம் ஓட வேண்டும். தாங்களாக வெட்டக் கூடாது.

கட்டுப் படலம் முடிந்த பிறகு வந்தது சப்பாத்துப் படலம். இரண்டு சப்பாத்தையும் ஒரு தடியில் பூட்டி, பாதங்கள் வெளியே பார்த்தபடி இரவில் போட்டுத் தூங்க வைக்க வேண்டும். டொக்டர் படம் கீறித் தந்தார். அண்ணன் பட்டறையில் செய்துகொண்டுவந்த முதல் தடி, கப்பலைக் கட்டும் இரும்பில் செய்தது. அதைப் பூட்டினோம், நீ அசையவில்லை, எட்டு ஊழிக்கும் அசைந்திருக்க மாட்டாய், புயலடித்தாலும் வீடு போகும், நீ அங்கேயே நங்கூரமிட்டுக் கிடப்பாய். இரண்டாவது தடி விழுந்த விமானத்தின் அலுமினியத்தில் வந்தது. எந்த நாட்டு விமானம் என்று அண்ணன் சொல்லவில்லை. ஜப்பான் விமானம் என்று நான் ஊருக்குச் சொன்னேன். அதைப் போட்ட முதல் வாரம் நீ இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி அடித்து நுளம்புவலையைக் கிழித்தாய். இந்தப் படலத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள், மகனே. கால் நேராகிவிட்டது, பிள்ளை நித்திரை கொள்கிறதில்லை, எதற்கு இந்தத் தடி என்று தோன்றும். அந்த நேரத்தில் எங்கள் கன்னியா வண்டியை நினைத்துக்கொள். நேராக இருப்பதைப் பார்த்துத்தான் நாங்களும் விட்டோம்.

ஆகவே பிரதம மந்திரியின் ஆணை: கட்டைக் கழற்றாதே. ஒரு கிழமைக்கும் கழற்றாதே, ஒரு பொழுதுக்கும் கழற்றாதே. முப்பத்தொன்றுக்கு முடி இறக்கு, ஈரத்துணியால் உடம்பைத் துடை, வேட்டித்துண்டு ஒன்றும் போட்டு மறைக்காமல் கட்டோடு நடு முற்றத்தில் கிடத்து. கதைக்க வருகிறவர்கள் கதைக்கட்டும். உன் மாமியார் கூச்சப்பட்டால், சம்பந்தி வீட்டார் நாங்கள் முதல் ஆளாக வந்து பக்கத்தில் இருப்போம் என்று சொல். அக்காவும் வருகிறார். பிளாஸ்டர் பக்கம் தண்ணீரோடு யாரும் வந்தால் அக்கா பார்த்துக்கொள்வார். உன் மாமியார் தைரியசாலி என்று கேள்விப்பட்டேன், அதையும் அன்றைக்குப் பார்ப்போம்.

கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தாய்: பேரனுக்கு இடது கால், உனக்கு எது என்று. கேள்வியைச் சத்தமாக வாசித்தேன். அதோடு இந்த வீடு இரண்டுபட்டது. உன் அம்மா இடது என்கிறார். பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா என்கிறார். அக்கா வலது என்கிறார். தண்ணீர் ஊற்றின கை என்னுடையது என்கிறார். என் மூக்கு இந்தப் பக்கம் வளைந்திருப்பதால் அடித்தது வலது காலாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றபோது கணக்கு மாறிவிட்டது. இரண்டு நாளாகச் சமையல் பிந்துகிறது. அண்ணனிடம் தீர்ப்புக் கேட்டோம். தோளில் போட்டு வீதி நெடுக நடந்த மனிதர், துவாயை விலக்கி ஊருக்கெல்லாம் காட்டின மனிதர். நெடுநேரம் யோசித்தார். பிறகு, "நினைவில்லை," என்றார். சொல்லிவிட்டு முகம் முழுக்கச் சிரித்தார்.

ஒரு கெண்டைக்கால் மற்றதைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கும் என்று டொக்டர் அந்த நாளில் சொன்னவர். நாடா வைத்து அளந்தால் உனக்குத் தெரிந்துவிடும். அளந்தாலும் எங்களுக்கு எழுதாதே. இந்த வழக்கு இப்படியே நடக்கட்டும். உன் மகன் வளர்ந்து ஓடித் திரிகிற காலத்தில், நீயும் மருமகளும் உன் மாமியாரும் ஒரு நாள் எந்தக் கால் என்று இப்படிச் சண்டை பிடிக்க வேண்டும்; ஒருவருக்கும் நினைவு வரக் கூடாது.

பிளாஸ்டரில் ஒரு துளி படாமல் பேரனைக் கொஞ்சும்,
உன் சித்தப்பா